ஸொஸ்கன்பார்ன்: ஒரு நோர்வேஜிய உறவுச்சொல்லின் வேர்வரை போவது எப்படி

நோர்வேஜிய மொழி எனக்கு அப்போதுதான் பிடிபடத் தொடங்கியிருந்தது. வேலையிடத்தில் ஒருத்தி, வார இறுதியில் தன்னுடைய ‘ஸொஸ்கன்பார்ன்’ கலியாணத்துக்கு ட்ரொண்ட்ஹெய்ம் போவதாகச் சொன்னாள். ஸொஸ்கன் என்றால் உடன்பிறந்தார், பார்ன் என்றால் பிள்ளை என்று வகுப்பில் படித்திருந்தேன். இரண்டையும் கூட்டிப் பார்த்து, “சகோதரனின் பிள்ளையா, சகோதரியின் பிள்ளையா?” என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். “நான் ஒற்றைப் பிள்ளை. எனக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லையே!”

கூடப்பிறந்தவரே இல்லாத ஒருத்திக்கு உடன்பிறந்தாரின் பிள்ளை எங்கிருந்து வந்தது? விடை எளிது. நம்மவர் பேச்சில் ‘கசின்’ என்கிறோமே, அதுதான் ஸொஸ்கன்பார்ன். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா, மாமா, மாமி என்று யாருடைய பிள்ளையானாலும், ஆணானாலும் பெண்ணானாலும் இந்த ஒரே சொல். ஆனால் அந்தப் பொருள் இந்தச் சொல்லுக்குள் எப்படி வந்தது என்பது அவ்வளவு எளிதல்ல. அதைத் தேடிப் போன வழியைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். மற்ற நோர்வேஜிய உறவுச்சொற்களுக்கும் இதே வழி உதவும்.

முதல் படி: சொல்லை எங்கே வெட்டுவது?

நோர்வேஜிய மொழி கூட்டுச்சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி எழுதும். இடைவெளி விட்டால் பொருளே மாறிவிடும். ‘லம்மெலோர்’ என்று சேர்த்து எழுதினால் ஆட்டுக்குட்டியின் தொடையிறைச்சி. ‘லம்மெ லோர்’ என்று பிரித்து எழுதினால் முடங்கிப்போன தொடைகள். கடைப் பலகைகளில் இப்படிப் பிரித்து எழுதியதைப் படம் எடுத்துப் போட்டுச் சிரிப்பது அங்கே ஒரு பொழுதுபோக்கு.

வெட்டியதும் கடைசித் துண்டைப் பாருங்கள். அதுதான் தலை. சொல்லின் பாலும் பன்மையும் அதைத்தான் பின்பற்றும். பார்ன் நபும்சகப் பால் (ஆண்பாலும் அல்ல, பெண்பாலும் அல்ல) என்பதால் ஸொஸ்கன்பார்னும் நபும்சகம். பார்ன் பன்மையிலும் பார்ன்தான் என்பதால் ஒருவரானாலும் ஒன்பது பேரானாலும் ஸொஸ்கன்பார்ன்தான். இந்தப் பன்மை விஷயத்தை நினைவில் வையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

நம் இலக்கணத்தில் இதற்குச் சரியான பெட்டி இருக்கிறது: ஆறாம் வேற்றுமைத்தொகை. உடன்பிறந்தார்+பிள்ளை, நடுவில் ‘உடைய’ மறைந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இந்தக் கட்டுமானம் புதிதே அல்ல. அம்மம்மா நோர்வேஜியத்தில் மூர்மூர், அப்பம்மா ஃபார்மூர், அம்மப்பா மூர்ஃபார், அப்பப்பா ஃபார்ஃபார். மூர் தாய், ஃபார் தகப்பன். இவ்வளவு அச்சொட்டாக ஒத்துப்போவதால்தான் நமக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. துண்டுகளைக் கூட்டினால் பொருள் கிடைத்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். நான் விழுந்ததும் அந்தக் குழியில்தான்.

உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் உயிரொலி தமிழில் இல்லை. ‘எ’ சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் கிட்டத்தட்ட வரும். ஆனால் பார்ன் நமக்குச் சொந்த ஊர் மாதிரி. ஒஸ்லோப் பக்கத்தில் ‘ர்’ருக்குப் பின் வரும் ‘ன்’ நாக்கு மடிந்து ‘ண்’ ஆகிவிடும். காதில் விழுவது ‘பாண்’. மற்ற நாட்டுக்காரர் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கும் ஒலி நம் நெடுங்கணக்கிலேயே இருக்கிறது. (காலையில் கடைக்குப் போய் வாங்கும் பாணை நினைத்துக்கொண்டால் போதும்.) பேர்கன் போனால் இது கேட்காது, அந்த ஊர் ‘ர்’ தொண்டையிலிருந்து வருவது.

இரண்டாம் படி: ‘யாருடைய?’ என்று கேளுங்கள்

உறவுச்சொல் எதுவும் தனியாக நிற்பதில்லை. யாரோ ஒருவர் நின்றுகொண்டு இன்னொருவரைப் பார்க்கிறார். அந்த நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் கூட்டுச்சொல் ஏமாற்றிவிடும்.

‘உடன்பிறந்தாரின் பிள்ளை’ என்றால், யாருடைய உடன்பிறந்தார்? என்னுடையவர் என்று எடுத்துக்கொண்டால் மருமகன், மருமகள், பெறாமகன், பெறாமகள். சுவீடிஷ் மொழி இப்படித்தான் எடுத்துக்கொண்டது. இதே சொல் அங்கே ‘ஸ்யுஸ்கொன்பார்ன்’. பொருள், என் கூடப்பிறந்தவரின் பிள்ளை. எல்லையைத் தாண்டி நோர்வேக்குள் வந்தால் அதே சொல் ஒரு தலைமுறை ஏறிக்கொள்கிறது. பேசினால் ஒருவருக்கொருவர் பெருமளவு புரிந்துகொள்ளும் இரு மொழிக்காரர், குடும்பப் படத்தைக் காட்டிக் கதைக்கும்போது தடுமாறும் இடம் இது. டேனிஷ் மொழியின் ‘ஸொஸ்கனெபார்ன்’ நோர்வேயின் பக்கம்தான் நிற்கிறது.

நோர்வேயின் பொருள் எப்படி வந்தது என்பதற்கு ஒரு வாக்கியம் போதும்: “நாங்கள் உடன்பிறந்தாரின் பிள்ளைகள்.” இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்று தங்களைப் பற்றிச் சொல்வதாகக் கற்பனை செய்யுங்கள். இங்கே உடன்பிறந்தார் எங்கள் பெற்றோர். அவர்கள் தங்களுக்குள் உடன்பிறந்தவர்கள். நாங்கள் அவர்களுடைய பிள்ளைகள். இந்தப் பன்மை வாக்கியத்தில் குழப்பமே இல்லை. பிறகு அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்து, “இவன் என் ஸொஸ்கன்பார்ன்” என்று ஒருமையில் சொன்னபோதுதான் சொல் புதிராகிறது. ஒருமையும் பன்மையும் ஒரே வடிவம் என்பதால் அந்தத் தாவலுக்குத் தடையாகவும் எதுவும் இருக்கவில்லை.

‘-பார்ன்’ என்று முடியும் மற்ற சொற்களிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். ‘பார்னெபார்ன்’, பிள்ளையின் பிள்ளை, பேரப்பிள்ளை, நேர்வழி. ‘தாந்தெ’ என்றால் அத்தை, மாமி, சின்னம்மா எல்லாரும். அப்படியானால் ‘தாந்தெபார்ன்’ சின்னம்மாவின் பிள்ளையா? இல்லை. நான் யாருக்குத் தாந்தெயோ, அந்தப் பிள்ளை! பெண் ஒருத்தி தன் சகோதரங்களின் பிள்ளைகளைச் சொல்லும் சொல் அது. ஆண் சொன்னால் ‘ஒங்கெல்பார்ன்’. மறைந்திருப்பது ‘உடைய’ இல்லை, ‘முறையான’: என்னைத் தாந்தெ என்று அழைக்கும் முறையான பிள்ளை.

மூன்றாம் படி: பழைய வடிவத்தைப் பிடியுங்கள்

நோர்வே 1380 முதல் 1814 வரை டென்மார்க்கோடு ஒரே முடியின் கீழ் இருந்தது. எழுத்து மொழி டேனிஷ் ஆகிப்போனது. அதனால் நோர்வேஜியத்தின் இரண்டு எழுத்து வடிவங்களில் ஒன்றான இன்றைய பூக்மோலில் ஒரு சொல்லைப் பார்த்தால், அது நோர்வேயின் மண்ணில் முளைத்ததா, டேனிஷ் எழுத்து வழியாக உட்கார்ந்ததா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகம் தீர்க்க நல்ல வழி, மற்ற எழுத்து வடிவமான நீநொர்ஸ்கைப் பார்ப்பது. இவார் ஓசன் என்ற மொழி ஆய்வாளர் நாடு முழுக்க அலைந்து, கிராமத்துப் பேச்சுகளைக் கேட்டுத் தொகுத்த சொற்கோவை 1850-ல் வெளிவந்தது. விரிந்த பதிப்பு 1873-ல். அந்த உழைப்பின் மேல் எழுந்ததுதான் நீநொர்ஸ்க். அதில் ‘ஸ்யுஸ்கன்பார்ன்’ என்ற வடிவமும் உண்டு. கிராமப் பேச்சும் டேனிஷ் எழுத்தும் இரண்டும் வைத்திருப்பதால், இது பொதுப் பாட்டன் சொத்து என்று துணியலாம்.

பொதுப் பாட்டன் என்பது பழைய நோர்ஸ் மொழி. அதில் இந்தச் சொல் ‘ஸ்யுஸ்ட்கினபார்ன்’. நடுவில் ஒரு ‘அ’ தெரிகிறதா? அது ஆறாம் வேற்றுமைப் பன்மை உருபு, ‘உடன்பிறந்தாருடைய’. ஐஸ்லாண்டிக் மொழி அந்த உருபை இன்றும் கழற்றவில்லை. நோர்வேஜியம் கழற்றிவிட்டது. ‘ஸ்ட்க்’ என்ற மெய்க்கூட்டத்தில் ‘ட்’ உதிர்ந்தது. இகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவில் இருந்த உயிர் வாயைக் கொஞ்சம் திறந்து ‘ஸொஸ்’ என்று ஆனது. அதே மாற்றம்தான் ‘ஸ்யுஸ்டிர்’ என்ற சகோதரியை ‘ஸொஸ்டெர்’ ஆக்கியது. ஒலி மாற்றம் என்று சொன்னால் இப்படி இன்னொரு சொல்லிலும் அது நடந்திருக்க வேண்டும். ஒரே சொல்லுக்காக மட்டும் ஒரு விதி கண்டுபிடித்தால், அது விதி அல்ல, ஆசை.

கருவிகள்: பேர்கன் பல்கலைக்கழகமும் மொழிக் கழகமும் சேர்ந்து நடத்தும் இணைய அகராதியில் பூக்மோல், நீநொர்ஸ்க் இரண்டையும் இலவசமாகப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம், சொல்லின் பழைய வடிவமும் இருக்கும். வட்டார வழக்குகளுக்கு ‘நொர்ஸ்க் ஊர்பூக்’. 1930-ல் தொடங்கி 2016-ல் பன்னிரண்டாம் தொகுதியோடு முடிந்த வேலை. பழைய நோர்ஸுக்கு யொஹான் ஃப்ரிட்ஸ்னர் என்ற பாதிரியாரின் மூன்று தொகுதி அகராதி. வேர்ச்சொல்லுக்கு ஃபால்க், தூர்ப் இருவரும் 1903 முதல் 1906 வரை வெளியிட்ட நூலைப் பலர் இன்றும் எடுக்கிறார்கள்; நூறாண்டு கடந்த நூல் என்பதை மறக்காமல், புதிய அகராதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: துண்டுகளின் துண்டுகள்

பார்னின் வேர் ‘பேர’ என்ற வினை. சுமப்பது, பெறுவது. ஆக, பார்ன் என்றால் சுமந்து பெற்றது. ஸ்காட்லாந்துக்காரர் பிள்ளையை ‘பேர்ன்’ என்பதும் இதே வேர். ஆங்கிலத்தில் வைக்கோல் போடும் கொட்டகைக்குச் சொல்கிற ‘பார்ன்’ இதற்குச் சொந்தமே இல்லை. அது ‘பார்லி வீடு’ என்ற பழைய கூட்டுச்சொல் தேய்ந்து வந்தது.

ஸொஸ்கன்தான் சுவையான துண்டு. பழைய ‘ஸ்யுஸ்ட்கின்’ சகோதரி என்ற சொல்லிலிருந்து கிளைத்தது. சகோதரனிலிருந்து அல்ல! ஆணை முன்னால் வைத்தே பழகிய சமூகத்தில் கூடப்பிறந்தோர் அனைவருக்கும் சகோதரியின் பெயர். ஜெர்மன் மொழியிலும் அப்படித்தான், ‘கெஷ்விஸ்டர்’ என்பதற்குள் சகோதரி இருக்கிறாள்.

இன்னொன்று. ஸ்யுஸ்ட்கின் நபும்சகப் பன்மை. பழைய நோர்ஸில் ஆண்கள் மட்டும் என்றால் ஆண்பால் பன்மை, பெண்கள் மட்டும் என்றால் பெண்பால் பன்மை. இருவரும் கலந்திருந்தால் நபும்சகப் பன்மை. தகப்பனும் மகனும் சேர்ந்தால் ஒரு சொல், ‘ஃபெத்கர்’. தாயும் மகளும் சேர்ந்தால் ‘மோத்குர்’. தகப்பனும் மகளும், தாயும் மகனும் என்று பால் கலந்தால் நபும்சகத்தில் ‘ஃபெத்கின்’, ‘மோத்கின்’. அந்த ‘-கின்’ வரிசையில் ஸ்யுஸ்ட்கினை வைத்துப் பாருங்கள். அதன் உள்ளர்த்தம் வெறும் உடன்பிறந்தார் அல்ல. சகோதரனும் சகோதரியுமாகக் கலந்த உடன்பிறந்தார். மனிதரை நபும்சகத்தில் போடலாமா என்று நம் உயர்திணை மனம் முகம் சுளிக்கும். குழந்தை ‘அழுதது’ என்று நாமும்தான் சொல்கிறோம்.

ஐந்தாம் படி: பக்கத்தில் யார் நின்றார்கள்?

பலர் நான்காம் படியோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். ஒரு சொல்லின் பொருளில் பாதி அதனிடம் இருக்கிறது. மீதி, அதன் பக்கத்தில் இருந்த சொற்களிடம்.

பழைய நோர்ஸில் தகப்பனின் சகோதரனுடைய மகனுக்குத் தனிச்சொல் இருந்தது: ‘ப்ரோத்ருங்க்ர்’, சகோதரன் என்ற சொல்லிலிருந்து. தாயின் சகோதரியுடைய மகனுக்கு இன்னொன்று: ‘ஸ்யுஸ்ட்ருங்க்ர்’, சகோதரி என்பதிலிருந்து. பெண்களுக்கு இவற்றின் பெண்பால் வடிவங்கள். ஐஸ்லாண்டிக்கில் இன்றும் இந்த வகுப்பைச் சொல்ல முடியும்: சகோதரர்களின் பிள்ளைகள் ‘ப்ரைத்ரபொர்ன்’, சகோதரிகளின் பிள்ளைகள் ‘ஸிஸ்ட்ரபொர்ன்’, ஒரு சகோதரனும் ஒரு சகோதரியும் பெற்ற பிள்ளைகள் ‘ஸிஸ்ட்கினபொர்ன்’.

இந்த இடத்தில் நான் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தேன். இந்த வரிசையைத் தமிழில் எழுதிப் பாருங்கள். சகோதரர்களின் பிள்ளைகள்: பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள், நமக்கு அண்ணன், தங்கை. சகோதரிகளின் பிள்ளைகள்: பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள்; அவர்களும் அண்ணன், தங்கை. சகோதரனும் சகோதரியும் பெற்ற பிள்ளைகள்: மாமன் மக்கள், மாமி மக்கள். மச்சான், மச்சாள்! ஸ்யுஸ்ட்கினபார்ன், அதன் கட்டுமானம் சொல்கிறபடி கண்டிப்பாகப் பார்த்தால், நம் மச்சான் நிற்கும் அதே இடத்தில் நிற்கிறது.

அவசரப்பட்டுக் கலியாணம் வரை போய்விடக் கூடாது. வகுப்பு ஒன்றுதான், முறை வேறு. தமிழில் மச்சான், மச்சாள் என்ற சொல்லுக்குள்ளேயே மணமுறை இருக்கிறது. நோர்ஸ் சொல்லில் அது இல்லை. கிறிஸ்தவம் வந்த பிறகு திருச்சபை நெருங்கிய இரத்த உறவில் திருமணத்தைத் தடுத்தது. தடை முதலில், பொது மூதாதையிலிருந்து எண்ணி, ஏழாம் படிவரை நீண்டிருந்தது, 1215-ல் கூடிய திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம் அதை நான்காம் படியாகக் குறைத்தது. குறைத்த பிறகும் ஸொஸ்கன்பார்ன் தடைக்குள்தான். இந்த மூன்று வகையும் தனித்தனிப் பெயரோடு இருப்பது, யார் தகப்பன் வழி, யார் தாய் வழி என்று பார்க்க வேண்டியிருந்த ஒரு சமூகத்தில் பொருந்தி வருகிறது. கொலைக்கு ஈட்டுப்பணம் கொடுப்பதும் வாங்குவதும் உறவுப்படி பங்கிடப்பட்ட காலம் அது. மேற்குக் கரையின் குலாதிங் சட்டத்தில் அந்தப் பங்கீடு விரிவாக இருக்கிறது.

இந்தப் படி நடைமுறையிலும் உதவும். ஒஸ்லோவில் வளரும் தமிழ்ப் பிள்ளை பெரியப்பா மகனை ‘ப்ரூர்’, சகோதரன், என்று பள்ளியில் சொல்லும். ஆசிரியை பதிவேட்டைப் பார்த்து, உனக்குச் சகோதரனே இல்லையே என்பார். பிள்ளை சொன்னதும் பொய் இல்லை.

ஆறாம் படி: போட்டியில் யார் வென்றது?

மூன்று வகுப்பு ஒன்றாகக் கரையும்போது ஏதாவது ஒரு சொல் முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும். எது பிடிக்கிறது என்பது மொழிக்கு மொழி மாறுகிறது. நோர்வேயில் ப்ரோத்ருங்க்ரும் ஸ்யுஸ்ட்ருங்க்ரும் பொதுவழக்கில் பின்வாங்கின. கலப்பு வகையின் சொல் எல்லாருக்கும் பொதுவானது. ஸொஸ்கன் என்ற சொல்லே ‘கலந்த’ என்ற நிறத்தை இழந்து, எந்த உடன்பிறந்தாரையும் குறிக்கத் தொடங்கியபோது இது தானாக நடந்திருக்கக்கூடியது.

லத்தீனிலும் மூன்று வகை இருந்தன. அங்கே சகோதரனும் சகோதரியும் பெற்றவர்களுக்கு ‘அமிதினி’. சகோதரிகள் பெற்றவர்களுக்கு ‘கொன்ஸொப்ரினி’. இதற்குள்ளும் சகோதரி என்ற சொல் ஒளிந்திருக்கிறது. அங்கே வென்றது கொன்ஸொப்ரினி. அது பிரெஞ்சில் தேய்ந்து ‘குஸேன்’ ஆகி, ஆங்கிலத்துக்குப் போய், நம் வாயில் கசின் ஆகிவிட்டது. அதாவது கசின், வேரைப் பார்த்தால், பெரியம்மா, சின்னம்மா பிள்ளை. மச்சானை ‘கசின் ப்ரதர்’ என்று அறிமுகப்படுத்துகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிரெஞ்சுச் சொல்லின் பெண்பால் டென்மார்க் வழியாக நோர்வேக்கும் வந்தது: ‘குஸீனெ’. ஆணுக்கு ‘ஃபெட்டெர்’. இது ஜெர்மன் வரவு. பழைய ஜெர்மனில் தகப்பனின் சகோதரனைக் குறித்த சொல், தகப்பன் என்ற சொல்லோடே தொடர்புள்ளது. சித்தப்பாவைச் சொன்ன சொல் சித்தப்பா மகனுக்கு இறங்கியிருக்கிறது. இன்றைய நோர்வேயில் ஆள் ஆணா பெண்ணா என்று தெரிந்தால் ஃபெட்டெர், குஸீனெ. பால் முக்கியமில்லாதபோது, அல்லது கூட்டமாகச் சொல்லும்போது, ஸொஸ்கன்பார்ன்.

ஏழாம் படி: சொல் இப்போது எங்கே வாழ்கிறது?

வேரோடு நின்றுவிட்டால் சொல் அருங்காட்சியகப் பொருளாகிவிடும். வாரிசுரிமைச் சட்டத்தில் பாருங்கள்: உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து உறவு வரிசையில் இறங்கி வரும்போது, கடைசியாக நிற்பவர் ஸொஸ்கன்பார்ன். அதற்கு அப்பால் உள்ள உறவுக்குச் சட்டப்படி பங்கு இல்லை. திருமணச் சட்டத்தில் பாருங்கள்: 2024-ல் நோர்வே நாடாளுமன்றம் ஸொஸ்கன்பார்ன்களுக்கு இடையிலான திருமணத்தைத் தடைசெய்து சட்டம் நிறைவேற்றியது. சட்டத்தின் கண்ணில் மாமன் மகளும் பெரியப்பா மகளும் ஒன்றே. புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களில் ‘சொந்தத்துக்குள்’ பேசுகிறவர்கள் இந்தச் சொல்லின் இன்றைய எல்லையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான்.

அடுத்த தலைமுறையில் மொழி கூட்டுச்சொல்லை விட்டுவிட்டு எண்ணத் தொடங்குகிறது. இரண்டு ஸொஸ்கன்பார்ன்களின் பிள்ளைகள் தங்களுக்குள் ‘த்ரேமென்னிங்’. த்ரே மூன்று, மென்னிங் ஆள் என்ற சொல்லிலிருந்து. அவர்களின் பிள்ளைகள் ‘ஃபீர்மென்னிங்’, நான்கு. பொது மூதாதையிடமிருந்து எத்தனையாவது படி என்ற கணக்கு: உடன்பிறந்தார் ஒன்று, ஸொஸ்கன்பார்ன் இரண்டு, பிறகு மூன்று, நான்கு. இந்தக் கணக்கும் பழைய நோர்ஸிலேயே இருந்ததுதான். ‘டூமென்னிங்’ என்று இரண்டாம் படிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. அந்த நாற்காலியில்தான் ஸொஸ்கன்பார்ன் உட்கார்ந்திருக்கிறதே.

கடைசியாக, கை பழக ஒரு சொல்

‘பெஸ்தெமூர்’ எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி. பெஸ்த் என்றால் மிகச் சிறந்தது, மூர் தாய். ‘மிகச் சிறந்த தாய்’ என்று படித்துவிட்டு, நோர்வேக்காரர் பாட்டிக்குக் கொடுத்த மரியாதை என்று உருகுகிறவர்கள் உண்டு. மூன்றாம் படியைப் போட்டுப் பாருங்கள்: பழைய நோர்ஸில் இந்தச் சொல் இல்லை. வட ஜெர்மனியின் தாழ்ஜெர்மன் பேச்சில் ‘பெஸ்தெமோதெர்’ இருந்தது. வட ஜெர்மன் நகரங்களின் வணிகக் கூட்டமைப்பான ஹன்சாவின் வணிகர்கள் பேர்கனில் கடை விரித்திருந்த நூற்றாண்டுகளில் அந்தப் பேச்சிலிருந்து ஸ்காண்டிநேவிய மொழிகளுக்குள் வந்த சொற்கள் ஏராளம். அங்கே ‘பெஸ்தெ’ என்பது மரியாதைக்காக முன்னால் போடும் அடை. உருகல் தவறில்லை, ஊர்தான் மாறிப்போயிற்று.

சரி, பெஸ்தெமூர் வருவதற்கு முன் பாட்டியை என்னவென்று அழைத்தார்கள்? ஐந்தாம் படி. பழைய நோர்ஸில் இருந்த ஒரு சொல்லை ஐஸ்லாந்தில் இன்றும் பிள்ளைகள் பாட்டியைக் கூப்பிடப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சொல் ‘அம்மா’.

இதைக் கேட்டதும் தமிழுக்கும் நோர்ஸுக்கும் தொப்புள்கொடி கட்டக் கிளம்பிவிடாதீர்கள். பால்குடிப் பிள்ளையின் உதடு மூடித் திறக்கும்போது எந்த ஊரிலும் ‘ம’ வரும். ரெய்க்யாவிக்கில் அதைக் கேட்டு முதலில் திரும்பிப் பார்த்தது பாட்டியாக இருந்திருக்கிறாள், அவ்வளவுதான்.